மச்சினன் கையைக் கட்டி உட்கார்ந்த நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். தாளை எடுத்து வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, அதற்குக் கீழே ஒரு வரியும் ஓடாமல் மடித்து வைத்த நாட்கள் உண்டு. இதில் வருகிற ஒரு பெரியவர் இன்னும் நல்லபடியாக இருக்கிறார். அவர் கையெழுத்தில் சம்பளம் வாங்கித்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அவர் மனம் நோகக் கூடாது என்பது ஒரு தயக்கம். நல்ல நேரம் பார்க்கிறவர்களை இவன் கேலி செய்கிறான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதே என்பது இன்னொன்று. விளக்கேற்றிக் கும்பிடாமல் வாசல்படி தாண்டாதவன் நான். படிப்பும் பன்னிரண்டாவதோடு நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் சங்கதியை எழுதப் போனால் படித்தவர்கள் பிழை கண்டுபிடிப்பார்களே என்ற கூச்சம் வேறு. இவ்வளவும் இருக்க, அம்மன்மேல் பாரத்தைப் போட்டு எழுதத் தொடங்கிவிட்டேன்.

கொல்லிமலை மேலே, செம்மேட்டில் இருந்த ஒரு விவசாயிகள் சங்கத்தில் எனக்கு வேலை. மலையில் விளைகிற மிளகு, காபி, தினை, சாமை எல்லாவற்றையும் சங்கம் எடை போட்டு வாங்கி, மொத்தமாக வெளியூருக்கு அனுப்பும். எடை மேடையில் மூட்டையை வைத்தால் எடை கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும். அன்றைய விலையால் பெருக்கி ரசீது வரும். இதைச் செய்கிற புரோகிராம், பின்னறையில் இருந்த யூனிக்ஸ் சர்வரில் ஓடியது. சேலத்தில் ஒரு சின்னக் கம்பெனி எழுதிக் கொடுத்தது. சர்வர் இரண்டு உண்டு. ஒன்று ஓடும், மற்றது மாற்றாள் போலச் சும்மா நிற்கும். அந்த அறையைத் திறந்து பூட்டுவது, பேட்டரி பார்ப்பது, சாயங்காலம் கணக்கைப் பிரதி எடுத்து வைப்பது, ஏதாவது நின்றுபோனால் மறுபடி கிளப்பி விடுவது, இதெல்லாம் என் பொறுப்பு. கம்பெனிக்காரர்களே சேலத்துக்குக் கூப்பிட்டுக் கொஞ்ச நாள் பழக்கி அனுப்பினார்கள்.

எடைக்கூடத்தில் ரசீது போடுகிற பழைய எழுத்தர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு என் மனைவியின் தம்பி வந்தான். நான் சொல்லித்தான் எடுத்தார்கள். அதற்கு முன்னால் அவன் கீழே பேளுக்குறிச்சியில் ஒரு மிளகு மண்டியில் இருந்தான். சங்கம் வந்த பிறகு மண்டிக்காரர்களுக்கு வரத்து குறைந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அவன் மேலே வந்த அன்றைக்கே எங்கள் செயலாளர் முகம் சரியில்லை.

"உங்க மச்சினன்னு சொல்றீங்க, அதனால சேத்துக்கறேன். ஆனா மண்டி உப்பத் தின்னவன். கண்ணு இருக்கட்டும்" என்றார்.

செயலாளர் நல்ல மனிதர். நெற்றி நிறைய திருநீறு, கழுத்தில் உருத்திராட்சம். சங்கத்துச் சொத்தில் ஒரு சாக்குப் பையைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாதவர். அவர் சந்தேகப்பட்டால் அதில் ஏதோ இருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அவன் வந்து கொஞ்ச காலத்திலேயே புரோகிராம் விழத் தொடங்கியது. மூட்டை மேடையில் இருக்கும்போதே திரை அப்படியே நின்று, கடைசியில் ஒரு வரி வரும்: பஸ் எர்ரர், கோர் டம்ப்டு. அவ்வளவுதான். நான் பின்னறைக்கு ஓடி மறுபடி கிளப்ப வேண்டும். மூட்டையை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா இருப்பார்களா?

"பஸ்ஸுன்னு எழுதியிருக்குதே, எந்த வளைவுலீங்க கவுந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

"பஸ்ஸு கவுந்தாக்கூடப் பரவால்லீங்க. ரெண்டாந்தடவ எடை போட்டா என் மிளகு எளைச்சுப் போயிருது" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

அது சிரிப்புக்குச் சொன்னது. ஆனால் சிரிப்புக்குள்ளே முள் இருந்தது. எடை விஷயத்தில் ஒருமுறை சந்தேகம் வந்தால் விவசாயி மறுபடி மண்டிக்கே போய்விடுவார். மண்டிக்காரனுக்கு வேண்டியதும் அதுதானே என்று பேச்சு கிளம்பியது. பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரசீது போடுகிற கை யாருடையது?

நானும் அந்தக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன். பின்னறையிலிருந்து எடைக்கூடத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. மச்சினன் எந்தப் பொத்தானைத் தொடுகிறான், எப்போது போனை எடுக்கிறான், யாரோடு பேசிச் சிரிக்கிறான் என்று அதன் வழியாகக் கவனித்தேன். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டான்.

"என்னுங்க மாமா, ஜன்னல்ல ஏதாச்சும் குருவி கட்டியிருக்குதா?" என்றான்.

நான் ஜன்னலை விட்டு நகர்ந்து பேட்டரியைப் பார்க்கப் போனேன்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே இருந்த பொறியாளர் ஒரு பெண். மரியாதையாகப் பேசுவார், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். "அண்ணா, புரோகிராம் சாகும்போது அதோட நினைவுல இருந்தது அத்தனையும் அப்படியே ஒரு ஃபைல்ல கொட்டிட்டுத்தான் சாகும். அந்த ஃபைலுக்குப் பேருதான் கோர். அதை வச்சுப் பாத்தா எந்த இடத்துல, எதைத் தொட்டு செத்ததுன்னு சொல்லிடலாம். எடுத்து அனுப்புங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். கோர் ஃபைல் ஒன்றுகூட இல்லை. அத்தனை முறை விழுந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் கோர் டம்ப்டு என்று திரையில் வந்திருக்கிறது, ஆனால் கொட்டியதைக் காணோம். செத்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டது மாதிரி இருந்தது.

மச்சினனிடம் கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை.

"நாந்தாங்க மாமா அழிச்சேன். டிஸ்க்கு ரொம்பிருச்சுன்னு திரையில வந்துதுங்க. நீங்க அன்னைக்கு லீவு. கம்பெனிக்குப் போன் பண்ணினா ஒரு தம்பி எடுத்தாப்ல. கோர்னு பெருசு பெருசா கெடக்கும், அதையெல்லாம் அழிச்சுருங்கன்னாப்ல. அப்பறம் அது கெடந்தாலே அழிச்சுருவனுங்க. குப்பைதானுங்களே?"

இந்தப் பதிலைச் செயலாளரிடம் நான்தான் சொன்னேன். வேறு வழியில்லை, அவர் கேட்டார். அவர் கண்ணை மூடித் திறந்து, "பொணத்த எரிச்சுட்டுப் பொறகு குப்பைன்னு நெனச்சேங்கறான். சரி" என்றார். அந்தச் 'சரி'க்குள் எத்தனை அர்த்தம் இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பொறியாளர் அடுத்ததாக, புரோகிராமை இரண்டாவது சர்வருக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எந்திரத்தில் கோளாறு என்றால் அங்கே விழாது. மாற்றினேன். சாமி கும்பிட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பயபக்தியோடுதான் கிளப்பினேன். சில நாள் நன்றாக ஓடியது. எனக்கு நிம்மதி. பிறகு அதுவும் அதே மாதிரி, மூட்டை மேடையில் இருக்கும்போதே விழுந்தது.

"எந்திரத்துல கோளாறு இல்லீன்னா மனுசன்லதான் கோளாறு" என்றார் செயலாளர்.

அன்றைக்கே எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான், மச்சினன், மூட்டை ஏற்றி இறக்குகிற இருவர். வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, சங்கத்து எந்திரத்துக்குத் தீங்கு நினைக்கவில்லை என்று ஒவ்வொருவராக அதை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். எங்கள் பக்கம் ஒரு பொருள் காணாமல் போனாலும் வரப்பில் தகராறு வந்தாலும் இப்படித்தான் முடிப்பார்கள். போலீஸைவிட அதற்குத்தான் பயம். மூட்டைக்காரர்கள் இருவரும் உடனே சரி என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

மச்சினன் மட்டும், "நான் சூடம் அணைக்க மாட்டனுங்க" என்றான்.

செயலாளர் மெதுவாகக் கேட்டார். "ஏஞ்சாமி? மடியில கனம் இல்லீன்னா வழியில என்ன பயம்?"

"காரணம் இருக்குதுங்க. சொல்ல முடியாதுங்க."

"அப்ப வெள்ளிக்கெழம சத்தியம். இல்லீன்னா அன்னைக்கே சாவியக் குடுத்துட்டுக் கெளம்பிரு. போலீசு கீலீசுன்னு நான் போகல. உங்க மாமன் மொகத்துக்காகச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தால் என் மனைவி முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். தம்பி போனில் சொல்லியிருக்கிறான். சோறு போடும்போதே பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, உங்க கண்ணு முன்னாடிதானுங்களே அவனத் திருடனாக்குனாங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சத்தியம் பண்ணுனா முடிஞ்சு போச்சு. தப்புப் பண்ணாதவன் எதுக்குப் பண்ண மாட்டீங்கறான்?" என்றேன் நான்.

அவள் சட்டியை ணங்கென்று வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அவன் பொண்டாட்டி முழுகாம இருக்குது. போன தடவ மாதிரி ஆகிரக் கூடாதுன்னு யாருகிட்டயும் சொல்லல. வயித்துப் புள்ளைக்காரி புருசன் தேங்கா ஒடைக்கக் கூடாது, சூடம் அணைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? மெய்யான சத்தியமா இருந்தாலும் சாமியச் சாட்சிக்கு இழுத்தா அது புள்ளையத்தாங்க புடிக்கும். எங்கூட்டுல அப்படித்தான்."

போன தடவை அந்தக் குழந்தை தங்காமல் போனபோது மச்சினன் அழுதது என் கண் முன்னால் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அப்போதும் என் மனதின் ஒரு மூலையில், இதுவும் ஒரு சாக்காக இருக்குமோ என்று ஓடியது. சந்தேகம் வந்துவிட்டால் மனதுக்குப் பசி தீராது. எதைப் போட்டாலும் தின்னும்.

இதைச் செயலாளரிடம் போய்ச் சொல்லலாம். ஆனால் மூன்று மாதம் முடியாமல் வாய் திறக்கக் கூடாது என்று மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள். ஆக, வெள்ளிக்கிழமைக்குள் கோர் ஃபைல் வாய் திறந்தால் உண்டு, இல்லையென்றால் அவன் வேலை போய்விடும். வேலையோடு போனால்கூடப் பரவாயில்லை. திருட்டுப் பட்டத்தோடு மலையிறங்கினால், பிறக்கப் போகிற பிள்ளைக்கும் அந்தப் பெயர்தானே?

மறுநாள் விழுந்தபோது யாரையும் பக்கத்தில் விடாமல் நானே கோர் ஃபைலை எடுத்து வைத்தேன். சேலத்துக்கு அனுப்பினேன். பொறியாளர் அதைப் பார்த்துவிட்டுப் போனில், "அண்ணா, பாதிதான் இருக்கு. இவ்வளவு அளவுக்கு மேல கொட்டக் கூடாதுன்னு சர்வர்ல ஒரு வரம்பு வச்சிருக்கு. பாதி உடம்ப வச்சு என்னன்னு பாக்கறது?" என்றார். எவ்வளவு பெரிதானாலும் முழுதாகக் கொட்டு என்பதற்கு ஒரு கட்டளை சொன்னார். நான் எழுத்து எழுத்தாக அடித்தேன். அதற்கு அடுத்த முறை விழுந்தபோது முழுக் கோர் கிடைத்தது. உடனே போன் போட்டேன். "நானே நேர்ல வாரேன், அங்க யாரோ என்னமோ பண்றாங்கன்னுதானே எல்லாரும் சொல்றீங்க, கண்ணால பாத்துடலாம்" என்றார்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து வளைவு வளைவாக ஏறி வந்ததில் முகம் வெளுத்திருந்தது. இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடிப்பதற்குள் பின்னறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். செயலாளரும் வந்து நின்றார். மச்சினனைக் கூப்பிட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவன் இடத்தில் ரசீது போட ஒரு மூட்டைக்காரரை உட்கார்த்தினோம்.

பொறியாளர் கோர் ஃபைலை ஒரு கருவியில் திறந்தார். திரையில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டு சொன்னார். அதை என் பாஷையில் எழுதுகிறேன். மலைப்பாதையில் லாரி உருண்டு கிடக்கிறது என்று வையுங்கள். அது கிடக்கிற இடத்திலிருந்து மேலே பார்த்தால், கடைசியாக எந்த வளைவு, அதற்கு முந்தி எந்த வளைவு என்று ஒவ்வொன்றாகத் தெரியும். அந்த மாதிரி, புரோகிராம் எந்த வேலையிலிருந்து எந்த வேலைக்கு இறங்கி வந்தது என்று கோர் காட்டுகிறது. மூட்டை வந்திருக்கிறது. எடையை வாங்கியிருக்கிறது. அன்றைய விலையைப் பார்க்கப் போயிருக்கிறது. அங்கேதான் உருண்டிருக்கிறது.

"விலை இருக்கற ஃபைலை இது ஒவ்வொரு தடவையும் திறந்து படிக்காது அண்ணா. காலைல ஒரு தடவை தன் நினைவோட ஒட்ட வச்சுக்கும். வேணுங்கறப்ப எட்டிப் பாக்கும். எட்டிப் பாத்த நேரத்துல அங்க ஒண்ணும் இல்லாம இருந்திருக்கு. ஃபைல் காலி."

"காலியா? இப்பப் பாத்தா வெல எல்லாம் இருக்குதே?" என்றார் செயலாளர்.

"அதுதான் சார். யாரோ காலி பண்ணிட்டு, உடனே மறுபடி நிரப்பியிருக்காங்க."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன் இல்லையா என்ற பார்வை. பிறகு ஸ்டூலைப் பார்த்தார். மச்சினன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பாற்றும் என்று நம்பி எடுத்து வைத்த கோர், அவன் கழுத்துக்கே கயிறாகிறதா என்று நினைத்தேன்.

"விலை ஃபைலை யாரு சார் தொடுவாங்க?" என்று கேட்டார் பொறியாளர்.

"நான் ஒருத்தன்தாம்மா. மொதல்ல பழைய எழுத்தர் போட்டுட்டு இருந்தாரு. அவரு போனதும், மண்டியில இருந்து வந்த ஆளு கையில வெலையக் குடுக்கலாமான்னு, நானே வாங்கிட்டேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டேன். என் ரூமு கம்ப்யூட்டர்ல அடிச்சு ஒரு பட்டனத் தட்டுனாப் போதும், இங்க வந்துரும். வேற ஒருத்தனும் தொட முடியாது. அப்படி இருந்தும் உள்ள பூந்துருக்கான்னா பாத்துக்கங்க."

"நீங்க காலைலதானே சார் போடுவீங்க?"

"ஆமாம்மா, காலைலதான். அதுவரைக்கும் முந்தின நாள் வெல ஓடும்."

பொறியாளர் அதோடு விட்டுவிட்டார். அந்த ஃபைலை யார் தொட்டாலும் உடனே திரையில் காட்டும்படி ஒரு ஏற்பாடு செய்தார். "இப்ப வழக்கம்போல எடை போடுங்க. தம்பி இங்கேயே இருக்கட்டும். எதையும் தொடாம இருங்க தம்பி" என்றார். மச்சினன் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டான்.

எடைக்கூடத்தில் வரிசை நகர்ந்தது. ஒரு மூட்டை, இன்னொரு மூட்டை. ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருடைய கண்ணும் உள்ளே இருந்த மச்சினன் மேல்தான். அவன் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தால் விழவில்லை, பார்த்தாயா என்று ஒருவர் மற்றவர் காதில் சொல்வது எனக்கே கேட்டது. நேரம் போகப் போக அவன் முகம் சுருங்கியது. விழ வேண்டும் என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன். அந்தப் புரோகிராம் விழ வேண்டும் என்று அம்மனைக் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

செயலாளர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிசம் இருங்க. கௌரி நல்ல நேரம் முடியறதுக்குள்ள வெலையப் போட்டுட்டு வந்தர்றேன்" என்று தன் அறைக்குப் போனார்.

எடை மேடையில் ஒரு பெரியவரின் மிளகு மூட்டை ஏறியது. திரை நின்றது. பஸ் எர்ரர், கோர் டம்ப்டு.

பொறியாளர் மின்னல் மாதிரித் தன் திரையைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் என் பக்கம் திருப்பிக் காட்டினார். விலை ஃபைலைத் தொட்டது செயலாளர் அறைக் கம்ப்யூட்டர்.

செயலாளர் உடனே வரவில்லை. அவர் வழக்கம் எனக்குத் தெரியும். பட்டனைத் தட்டிவிட்டு, கண்ணை மூடி, அன்றைய வியாபாரம் நல்லபடி நடக்க வேண்டும் என்று ஒரு பாட்டு முழுவதும் மனதுக்குள் சொல்லி முடித்துத்தான் எழுவார். எழுந்து வரும்போது இங்கே விழுந்து, கூச்சலும் அடங்கியிருக்கும்; அதனால் அதைத் தன் பட்டனோடு அவர் சேர்த்துப் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் அப்படித்தான் திருநீற்றைப் பூசிக்கொண்டே வந்தார்.

"போட்டாச்சு. என்ன, மறுபடி உழுந்துருச்சா?" என்று மச்சினனைப் பார்த்தார்.

மிளகு கொண்டுவந்த அந்தப் பெரியவர்தான் ஜன்னலுக்கு வெளியே இருந்து சொன்னார். "ஏனுங்க, அந்தப் பையன் கையக் கட்டிக்கிட்டுப் புள்ளையாராட்டம் உக்காந்திருக்கையிலயே உழுந்துருச்சுங்க."

பொறியாளர் எழுந்து நின்றார். "சார், இன்னொரு தடவை அதே விலையைப் போடுங்க. இவரு மூட்டை மேடையிலயே இருக்கட்டும்."

செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல நேரம் முடிஞ்சு போச்சேம்மா."

"கெட்டுப் போகுதான்னு பாக்கத்தானே சார் போடச் சொல்றேன். அதுக்கு எதுக்கு நல்ல நேரம்?"

அத்தனை இறுக்கத்திலும் நாங்கள் சிரித்துவிட்டோம். செயலாளரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் புரோகிராமைக் கிளப்பிவிட்டேன், அவர் போய்ப் போட்டார். விழுந்தது. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார் பொறியாளர். விழவில்லை. மூட்டை ஏற்றிப் போட்டார்கள். விழுந்தது. அதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் பொறியாளர் செயலாளருக்கு மனம் வருந்தாதபடி சொன்னார். பட்டனைத் தட்டினால் பழைய ஃபைல் முதலில் காலியாகும், பிறகுதான் புது விலை வந்து நிரம்பும். அந்த அறையிலிருந்து வருகிற கம்பி மெதுவானது, கொஞ்ச நேரம் வெறுமையாகவே கிடக்கும். அந்த நேரம் பார்த்து மேடையில் மூட்டை இருந்தால் புரோகிராம் விலையைப் பார்க்கப் போய்க் காலியிடத்தில் கால் வைத்துவிடும். பழைய எழுத்தர் எடைக்கூடம் திறப்பதற்கு முன்னாலேயே போட்டுவிடுவார், அதனால் அந்தக் காலத்தில் விழவில்லை. இப்போதும் நல்ல நேரம் விடியற்காலையில் அமைந்த நாளிலும், வரிசை இல்லாத நாளிலும் விழவில்லை.

ஆக, மச்சினன் வந்த பிறகுதான் விழத் தொடங்கியது என்று சொன்னது பொய்யில்லை. அவன் மேல் சந்தேகப்பட்டு விலையை அவன் கையில் கொடுக்காததால் விழுந்தது. சந்தேகம்தான் முந்தி வந்தது.

பொறியாளர் அன்றைக்கே சரி செய்துவிட்டார். புது விலை வேறு பெயரில் முழுதாக வந்து சேர்ந்த பிறகு, ஒரே வீச்சில் பழையதன் இடத்தில் போய் நிற்கும். அடுப்பில் இருக்கிற பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் புதுப் பாலை ஊற்றாமல், பால் ஊற்றி வைத்த பாத்திரத்தையே மாற்றி வைப்பது மாதிரி. ஒவ்வொரு மூட்டைக்கும் முன்னால் புது விலை வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் புரோகிராமுக்குச் சொல்லிவைத்தார். இனி எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போடலாம் என்றார். "நல்ல நேரத்துலயும் போடலாம் சார்" என்று சேர்த்துச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு புரோகிராம் அந்த மாதிரி விழவே இல்லை.

வெள்ளிக்கிழமை யாரும் சூடம் அணைக்கவில்லை. செயலாளர் காலையில் எடைக்கூடத்துக்கு வந்து, விலை போடுகிற பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதி மச்சினனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அது உங்ககிட்டயே இருக்கட்டுங்க. எம்மேல தப்பு இல்லீன்னு ஒரு வார்த்த எல்லாத்துகிட்டயும் சொல்லிருங்க. அது போதும்."

செயலாளர் அப்போது வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "தம்பி மேல தப்பு இல்லீங்க, எல்லாம் எந்திரக் கோளாறு" என்று சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான். தன்னால் என்று அவர் சொல்லவில்லை, அவர் வயதுக்கு அது எளிதில்லை. அன்றைக்கு வரிசையில் இருந்தவர்கள் கேட்டார்கள். இல்லாதவர்கள் கேட்கவில்லை.

மச்சினனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மன் புண்ணியத்தில் தாயும் சேயும் நலம். பிரசவம் கீழே தாய்வீட்டுப் பக்கம் நடந்தது, அவனும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். காரணம் அதுமட்டும்தான். ஆனால் அவன் போனதையே ஊர் சாட்சியாக எடுத்துக்கொண்டது. சத்தியம் பண்ண மாட்டேன் என்றானாம், பிறகு ஓடியே போனானாம். சமீபத்தில் பேளுக்குறிச்சி சந்தையில், நான் யார் என்று தெரியாத ஒருவர் எனக்கே இந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்னதில் மண்டிக்காரன் அனுப்பிய ஆள் கையும் களவுமாகப் பிடிபட்டான். இன்னொருவர் இடைமறித்து, இல்லை, அம்மன்தான் அவன் கையைக் கட்டிப் போட்டாள் என்றார். இரண்டையும் கேட்டுக்கொண்டு, கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு நான் வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு பெருசாயி, பள்ளிக்கொடத்துல யாராச்சும் கேட்டா என்னன்னு சொல்லுமுங்க?" என்றாள். அன்றைக்குத்தான் இதை முடித்தே தீர்வது என்று மறுபடி எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் கொல்லிமலைப் பக்கம் யாரையாவது அறிந்தவராக இருந்தால் இதை அவர்களுக்குக் கொடுங்கள். வாயால் சொல்லவும் செய்யலாம். ஆனால் செயலாளரைக் கெட்டவராக்கிச் சொல்ல வேண்டாம், அவர் கெட்டவர் இல்லை. என் மச்சினனைத் தியாகியாக்கவும் வேண்டாம், கோர் ஃபைலைக் குப்பை என்று அழித்தவன் அவன்தான். நான் அவனை ஜன்னல் வழியாகப் பார்த்ததையும் விட்டுவிட வேண்டாம். கூடுதலாக ஒன்று சேர்த்தாலும், ஒன்றை விட்டாலும், மறுபடி அவன் மேல்தான் போய் விழும். இங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.